பித்தளையிலும் அலுமினியத்திலும் மட்டும் ட்ரில் பிட் ஏன் சிக்கிக்கொள்கிறது?

இரும்பில் ஒழுங்காக இறங்கும் பிட் இந்த இரண்டிலும் மாட்டிக்கொண்டு உடைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் கை ட்ரில்லில், கடையில் வாங்கிய சாதா பிட்டை அப்படியே மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சாஃப்ட்டான உலோகம்தானே, அழுத்தினால் இறங்கிவிடும் என்பார்கள். கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவன் சொல்கிறேன், அந்த நினைப்புதான் ஆபத்து.

மின்சார பேனல் போர்டு செய்கிற ஒருவர் 6 மி.மீ. கனப் பித்தளைப் பட்டைகளோடு வந்தார். வேறொரு பட்டறையில் வரிசையாகப் பிட் உடைந்து, சரக்கு மட்டம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். சரக்கில் ஒரு குறையும் இல்லை. சாதா பிட்டின் வெட்டு விளிம்பு கொக்கி போல முன்னால் சாய்ந்திருக்கும். பித்தளையில் அது தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அடிப்பக்கம் வெளியே வரும்போதும், சின்னத் துளையைப் பெரிதாக்கும்போதும் இன்னும் மோசம்.

பிட்டின் நீளவாட்டில் ஆயில் ஸ்டோனை, அதாவது கூர் தீட்டும் கல்லை நிறுத்தி, இரண்டு விளிம்பின் முன்முகத்தையும் லேசாகத் தேய்த்தேன். முடி அகலத்துக்குப் பளபளவென்று ஒரு தட்டைக் கோடு விழுந்தால் போதும், அந்தக் கொக்கிச் சாய்வு போய்விடும், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கவேண்டும். பட்டையை வைஸ் என்கிற பிடிகருவியில் இறுக்கி, எண்ணெய் விடாமல் இறக்கினேன். தூள் ரவை மாதிரி உதிர்ந்தது. அவர் துளையின் அடிப்பக்கம் நகத்தை ஓட்டிப் பார்த்தார், பிசிறு அவ்வளவாக இல்லை. அந்தப் பிட்டை பித்தளைக்கென்றே தனியாக, தண்டில் சிவப்பு பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன்.

அலுமினியத்துக்கு இதற்கு நேர்மாறு. விளிம்பு நல்ல கூராக இருக்கவேண்டும். இல்லையென்றால் உலோகம் விளிம்பில் அப்பி, பிட்டின் பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும். சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, கொஞ்சம் இறக்கி, வெளியே எடுத்து, சுருளைத் தட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள். 6 மி.மீ. ஹெச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) பிட்டுக்கு 3000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்று, தாராளமாகத் தாங்கும். செம்புக்கும் கூர் வேண்டும், எண்ணெய் வேண்டும், வேகத்தை மட்டும் குறையுங்கள். மெல்லிய தகடு என்றால் இரண்டு மரக்கட்டைக்கு நடுவில் வைத்து இறுக்குங்கள். எதுவானாலும் கையால் பிடிக்கவே வேண்டாம், கையுறையும் கூடாது. பிட் சிக்கினால் தகடு சுழன்று விரலைக் கிழித்துவிடும்.

பித்தளைக்கென்றே முறுக்கு குறைந்த பிட் விற்கிறதே என்று சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். விற்கிறது, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலு துளைக்காக அதைத் தேடி அலையவேண்டுமா என்றுதான் கேட்கிறேன். மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும் என்பதும் தெரியும், பக்கத்தில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

     

சரி, உங்கள் தகட்டின் கனத்தையும் பிட் அளவையும் எழுதுங்கள். வேகம் எவ்வளவு வைக்கலாம் என்று சொல்கிறேன்.