பழைய காருக்கு ஏசி: டைனமோவைப் பார்த்தீர்களா?

கடலூரிலும் புதுச்சேரியிலும் பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள், கத்திரி தொடங்கும் முன் எங்கள் குழுவில் என்னிடம் கேட்டவை இவை. முப்பது ஆண்டுகளாகக் கார் ஏசி வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. பெயிண்ட், டிங்கரிங் பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

மஞ்சக்குப்பம்: ஐயா, 1968 அம்பாசிடர் மார்க் 2 வைத்திருக்கிறேன். எந்த ஏசி வாங்கலாம்?

அது மூன்றாவது கேள்வி ஐயா. முதல் கேள்வி, வண்டியில் மின்சாரம் தருவது பழைய டைனமோவா, அதைவிடக் கூடுதலாகத் தரும் ஆல்டர்னேட்டரா? பழைய லூகாஸ் டைனமோ முழு மூச்சாகச் சுற்றினாலும் சுமார் 22 ஆம்பியர்தான் தரும். சிக்னலில் நிற்கும்போது அதுவும் கிடையாது. ஏசிக்கு, கேஸை அழுத்தும் கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் 4, சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் ஃபேன் 8 முதல் 10, உள்ளே காற்றடிக்கும் புளோயர் இன்னொரு 8 முதல் 10 ஆம்பியர் கேட்கும். இரவில் ஹெட்லைட்டுக்கு 9. கூட்டிப் பாருங்கள். 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் மாட்டிவிட்டுப் பேசுவோம்.

இரண்டாவது கேள்வி ரேடியேட்டர். கண்டென்சர் தன் சூட்டையெல்லாம் பின்னால் நிற்கும் ரேடியேட்டர் மேல்தான் கொட்டும். ரேடியேட்டருக்குள் அடைப்பு இருந்தால் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறிவிடும். கோர் சுத்தம் செய்து, ஃபேனைச் சுற்றிக் கூண்டு போட்டு, முன்னால் ஒரு மின் ஃபேனும் வையுங்கள்.

இனி ஏசி. உங்கள் 1489 சிசி இன்ஜினுக்கு 138 சிசி கொள்ளளவுள்ள 508 வகைக் கம்ப்ரசர் போதும். கண்டென்சர் பேரலல் ஃப்ளோ வகையாக, அதாவது கேஸ் பல தட்டைக் குழாய்களில் ஒரே நேரத்தில் பிரிந்து ஓடுவதாக, இருக்கட்டும். அதே அளவில் பழைய குழாய் வகையைவிட அதிகச் சூட்டை வெளியேற்றும். கூலிங் யூனிட்டை டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிடுங்கள். டாஷ்போர்டை வெட்டச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். வெட்டிய தகடு திரும்ப வளராது. பிராக்கெட்டைக் கனமான தகட்டில் செய்யுங்கள், புல்லிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கட்டும். இங்கே பிசகினால் மாதம் ஒரு பெல்ட் வாங்குவீர்கள்.

வில்லியனூர்: அண்ணே, பிரீமியர் பத்மினிக்கும் அதே கம்ப்ரசரா?

வேண்டாம் தம்பி. 1089 சிசி இன்ஜின், 40 குதிரைத்திறனை ஒட்டித்தான் வரும். ஏசி அதில் மூன்று நான்கைத் தின்றுவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஃபியட்டில் பெரிய கம்ப்ரசரை மாட்டிக் கொடுத்தேன். மேம்பாலம் ஏறும்போது கரும்பு வண்டி மாதிரி முனகியது. உரிமையாளர் பாதி ஏற்றத்தில் ஏசியை நிறுத்தினார், என்னைத் திரும்பிப் பார்த்தார். மாருதி 800-க்கு வரும் சிறிய கம்ப்ரசரைப் போடுங்கள். ஏசி ஓடும்போது நிற்கும் வண்டியின் இன்ஜின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றும் ஐடில்-அப்பைக் கார்புரேட்டரில் வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் சிக்னலுக்குச் சிக்னல் வண்டி அணைந்துவிடும்.

முத்தியால்பேட்டை: 1962 மோரிஸ் மைனர். ஏசி ஃபேன் காற்றைப் பின்னுக்குத் தள்ளாமல் முன்னுக்குத் தள்ளுகிறது.

உங்கள் வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இன்றைய ஃபேன்களை அதில் அப்படியே இணைத்தால் தலைகீழாகச் சுற்றும். ஆல்டர்னேட்டரையும் அப்படி இணைத்தால் டயோடு புகைந்துவிடும். முதலில் வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு, அதாவது நெகட்டிவ் முனை பாடியில் இணையும்படி, மாற்றுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: பழைய தொங்கு ஏசி ஒன்று கிடைத்தது. ஆர்12 கேஸ் எங்கே கிடைக்கும்?

தேடாதீர்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் இந்தியா 2008-லேயே அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர்134ஏ கேஸுக்கு மாறுங்கள். கேஸை மட்டும் மாற்றினால் போதாது. பழைய மினரல் ஆயில் இந்தக் கேஸோடு கலக்காது. உள்ளே கழுவி, இந்தக் கேஸுக்கான பிஏஜி ஆயில் ஊற்றி, ஈரத்தை உறிஞ்சும் டிரையர், ஓ-ரிங், ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். பழைய ஹோஸின் ரப்பர் வழியாகவே இந்தக் கேஸ் கசியும். அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு, அதாவது பம்பால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, பம்பை நிறுத்திய பின் கேஜ் முள் நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

அதே நண்பர்: சமையல் கேஸ் நிரப்பினாலும் குளிர்கிறதாமே?

குளிரும். உங்கள் முழங்காலுக்கு முன்னால் இருக்கும் கூலிங் காயில் ஒருநாள் கசியும், நீங்கள் சாவியைத் திருப்புவீர்கள். வேண்டாம். எவ்வளவு மலிவு என்று எனக்கு எழுதவும் வேண்டாம்.

நெல்லிக்குப்பம்: 1972 அம்பாசிடர். எந்த ஏசி நல்லது?

முதல் பதில். டைனமோ.

கடலூர் முதுநகர்: இத்தனை செலவு எதற்கு? நம் மண்ணில் விளையும் வெட்டிவேரில் ஒரு தட்டி செய்து, நனைத்து, ஜன்னலில் கட்டினால் குளிராதா? எங்கள் தாத்தா காலத்தில் அதுதானே?

தாத்தா வீட்டில் கட்டினார், காரில் இல்லை. ஈரத்தட்டி காற்றை எவ்வளவு குளிர்விக்கும் என்பது காற்றில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் என்பதைப் பொறுத்தது. ராஜஸ்தானில் 42 டிகிரி, 15 சதவீத ஈரப்பதம் என்றால் கணக்குப்படி 22 வரை இறங்கலாம். நம் கடற்கரையில் 35 டிகிரி, 60 சதவீதம் என்றால் 28-க்குக் கீழே இறங்கவே இறங்காது. அந்தக் காற்றும் ஈரச்சாக்கு போல மேலே ஒட்டும். இங்கே ஏசி செய்யும் பெரிய வேலையே ஈரத்தைப் பிழிவதுதான்.

மீண்டும் அவரே: ஏழு டிகிரி குறைந்தால் போதாதா? வாசமும் இருக்குமே.

ஏழு டிகிரி என்பது கணக்கின் எல்லை, கைக்கு வருவது பாதிதான். சட்டை நனைவது முழுதாக வரும்.

லாஸ்பேட்டை, இடையில் புகுந்து: முதுநகர்க்காரர் சொல்வது சரி. முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தாலே அம்பாசிடரில் காற்று பிய்த்துக்கொண்டு வரும். ஏசி வைத்தால் அது பழைய காரா?

ஓடும்போது வரும். ஈசிஆரில் வாரக் கடைசி நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள். போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகும் வேலையைத்தான் நான் சொல்கிறேன். ஏசி வேண்டாம் என்று ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள், ஆறும் வெட்டிவேர். வேண்டுமானால் புளோயர் வாயில் ஒரு கொத்து வைத்துக்கொள்ளுங்கள், நானே வைத்திருக்கிறேன்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில், ஆரோவில் சாலை.

இன்ஜின் பின்னால், ரேடியேட்டரே கிடையாது. நான் கை வைத்ததில்லை. வைத்தவரைத் தேடுங்கள்.

புதுச்சேரி கடற்கரைச் சாலை அருகே: மூன்று ஆண்டில் குளிர் குறைந்துவிட்டது. கேஸ் நிரப்பினால் போதுமா?

முதலில் கண்டென்சரைப் பாருங்கள். சென்ற மாதம் உங்கள் பக்கத்து வண்டி ஒன்று வந்தது. தகடுகளை விரலால் அழுத்தினேன். அப்பளம் போலப் பொடிந்து விரலில் வெள்ளை மாவு ஒட்டியது. உப்புக்காற்று. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள், பிரஷர் பம்பு வேண்டாம், தகடு மடங்கிவிடும். கீழே சொட்டும் டிரெயின் குழாயையும் பாருங்கள். அது அடைத்தால் தண்ணீர் கால்மிதிக்குக் கீழே தேங்கித் தரைத்தகட்டைத் தின்னும்.

குறிஞ்சிப்பாடி: 1965 அம்பாசிடர், எந்த ஏசி...

நாளை காலை வண்டியோடு வாருங்கள். போனட்டைத் திறந்து காட்டுகிறேன்.