உடம்புச் சூடு, குளிர்ச்சிப் பானம்: கேளுங்கள், சொல்கிறேன்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. மண்டபம் பக்கம் ஆயுர்வேத வைத்தியம் பார்க்கிறவன் நான். இன்றைக்குப் பானங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

தேவிபட்டினம்: வெயில்ல பித்தம் ஏறுறதுனாலதானே சூடு பிடிக்குது?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆயுர்வேத நூலில் கணக்கு வேறு. கோடையில் சேர்வது வாதம். பித்தம் மழைக்காலத்தில் சேர்ந்து, அது முடிந்து வெயில் திரும்பும்போதுதான் சீறும். கோடை வெயில் உடம்பின் ஈரத்தையும் பலத்தையும் உறிஞ்சுகிறது. அதனால்தான் இனிப்பு, நெய்ப்பு, நீர்த்தன்மை உள்ளதைச் சாப்பிடச் சொல்லி, உப்பு, புளி, காரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். நம்ம ஊர் குண்டு மிளகாயை அள்ளிப்போட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, சர்பத் கேட்கவில்லையே என்றால் எப்படி? ஒன்று மட்டும்: உப்பளத்திலும் வள்ளத்திலும் வியர்வை கொட்ட உழைக்கிறவருக்கு உப்பைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன்.

பாம்பன்: ஐஸ் வாட்டர் குடிக்கலாமா அய்யா?

வேண்டாம். பானைத் தண்ணீர் போதும்.

மண்டபம்: அம்மா கடல்பாசி எடுக்கப் போறாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை நீர்க்கடுப்பு. இளநி குடிச்சா சரியாகுமா?

தம்பி, இளநீர் நல்லதுதான். ஆனால் அம்மாவின் நாளைக் கொஞ்சம் பாருங்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மூழ்கி எழுகிறார்கள். ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இறங்குகிறவர்கள் அதிகம். முதல் மருந்து வெறும் தண்ணீர். இறங்குமுன் ஒரு சொம்பு, ஏறியதும் ஒரு சொம்பு; சிறுநீரை அடக்கவும் கூடாது.

கூட இதைச் செய்யுங்கள். 20 கிராம் கொத்தமல்லி விதையை ஒன்றிரண்டாக இடித்து, 120 மில்லி காய்ச்சி ஆறிய தண்ணீரில் போட்டு, இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் பிசைந்து, வடிகட்டி, கொஞ்சம் கற்கண்டு சேர்த்து வெறும் வயிற்றில் குடிக்கட்டும். உள்ளெரிச்சலுக்கும் தாகத்துக்கும் பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சார்ங்கதரர் சொன்ன ஊறல் நீர் இது. ஒரு பங்கு மருந்துக்கு ஆறு பங்கு தண்ணீர் என்பது அவர் கணக்கு. கொதிக்க வைக்காதீர்கள், கஷாயமாகிவிடும், வேலையும் மாறிவிடும்.

வாரத்துக்கு இரண்டு தடவை என்கிறீர்கள். அதனால் சிறுநீரைப் பரிசோதித்துவிடுங்கள். காய்ச்சலோ, இடுப்புக்கு மேல் வலியோ, சிறுநீரில் ரத்தமோ இருந்தால் ஊறல் நீரை நம்பி உட்கார வேண்டாம்.

கீழக்கரை: உம்மாவுக்கு சுகர் இருக்கு. பதநீர் இயற்கைதானே, கொடுக்கலாமா?

இயற்கையான சர்க்கரை, அவ்வளவுதான். கொடுக்காதீர்கள். பனங்கற்கண்டும் கருப்பட்டியும் அப்படியே.

சாயல்குடி: தினமும் மோர் குடிக்கிறேன், கண் எரிச்சல் நிக்கல.

புளித்த மோரை நிறுத்துங்கள். தயிர் தொட்டால் சில்லென்று இருக்கும், உள்ளே போனால் சூடு. வெயில் காலத்தில், எரிச்சல், தலைசுற்றல், ரத்தக்கசிவு உள்ளவருக்கு மோர் கூடாது என்றே இன்னொரு பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சுசுருதர் சொல்கிறார்.

சாயல்குடி: என்ன வைத்தியரே, மோர் சூடா? எங்க அப்பத்தா மோர் குடிச்சே வாழ்ந்தவங்க.

அப்பத்தா குடித்தது எது? அன்றன்றைக்குக் கடைந்து, வெண்ணெய் எடுத்து, சொம்புத் தண்ணீர் விட்டது. நீங்கள் குடிப்பது மூன்று நாள் பாக்கெட் தயிரை மிக்ஸியில் அடித்தது. புளிக்காத மோரில் சர்க்கரை சேர்த்தால் பித்தத்துக்கு, புளித்ததில் இந்துப்புச் சேர்த்தால் வாதத்துக்கு என்று அதே சுசுருதர்தான் பிரித்தும் வைத்திருக்கிறார்.

தொண்டி: குறுக்கே வர்றேன். நீர் சுருக்கி, மோர் பெருக்கி, நெய் உருக்கிச் சாப்பிடணும்னு பெரியவங்க சொல்லலையா?

சொன்னார்கள் அண்ணே. தண்ணீர் விட்டுப் பெருக்கிய மோரைத்தான் சொன்னார்கள். நான் எதிர்க்கவில்லையே.

சாயல்குடி: வடக்கத்தி நூலு நம்ம மண்ணுக்கு ஒத்து வராது.

சரி, நூலை விடுங்கள். புளித்த மோரை ஒரு வாரம் நிறுத்திவிட்டு உங்கள் கண்ணையே கேளுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கண் டாக்டரிடம் போங்கள்.

ராமேஸ்வரம்: நாலு மாசக் குழந்தைக்கு உடம்பு சுடுது, நன்னாரித் தண்ணி?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். உடம்பு சுட்டால் காய்ச்சல்; இப்போதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள் அம்மா.

வாலிநோக்கம்: ஐஸ் போட்ட சர்பத்து?

மேலே படியுங்கள்.

ஏர்வாடி: பானையில வெட்டிவேர் போட்டும் தண்ணி குளிரவே இல்ல.

நம்ம கரைக் காற்றில் ஈரம் அதிகம். பானைக்கு மேலே கசிகிற நீர் காய்ந்தால்தான் உள்ளே குளிரும். நிழலில், காற்று வரும் பக்கம் வையுங்கள். வியர்வையும் அப்படித்தான் இங்கே காயாமல் வழிகிறது. வெட்டிவேரை அலசி, துணியில் முடிந்து போட்டு, இரண்டு மூன்று நாளில் மாற்றுங்கள்.

உச்சிப்புளி: முடி கொட்டுது...

இன்று பானம் மட்டும்.

திருப்பாலைக்குடி: வெயில்ல ஒருத்தர் மயங்கி விழுந்தா என்ன குடிக்கக் கொடுக்கணும்?

எதுவும் கொடுக்காதீர்கள். நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். தெளிவாகப் பேசுகிறார், களைப்பு மட்டும்தான் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

சாயல்குடி: கடைசியா ஒண்ணு. திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் போடுறோம். போடலாமா, கூடாதா?

தாராளமாகப் போடுங்கள். புளிக்காத மோர், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், கறிவேப்பிலை, கொஞ்சம் இஞ்சி, அளவாய் உப்பு. ஐஸ் கட்டி மட்டும் வாங்கிப் போடாதீர்கள். மீன் பெட்டிக்கு அடிக்கிற ஐஸ் அது.