கேளுங்க, சொல்றேன்: உமை ஊருக்குப் போயிட்டா, நீங்க?

கேள்வி: அக்கா, நான் இங்க சிங்கப்பூர்லயே பொறந்து வளர்ந்தவ, எங்க கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி வந்தவர். நம்ம ஆசிய நாகரிக அரும்பொருளகத்துல முன்னாடி இருந்துச்சே உமா பரமேஸ்வரி சிலை, அது பேசுற மாதிரி ஒரு கவிதை எழுதினேன், இதோட அனுப்பியிருக்கேன். "நானும் உன்னைப் போல் நாடு கடத்தப்பட்டவள்"னு அம்மன் என்கிட்ட சொல்ற மாதிரி முடியும். படிச்ச தோழி, இது பொய்டினு ஒரே வார்த்தையில சொல்லிட்டா. ரெண்டு நாளா தூக்கம் வரல. யார் பக்கம் நியாயம்?
வாசகி, ஈசூன்

பதில்: தோழி பக்கம். கோவிச்சுக்காதீங்க, கேளுங்க.

சிலையோட கதை தெரியாதவங்களுக்காக முதல்ல சொல்லிடறேன். அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான்னு ஒரு ஊர், அங்க கோயில்ல இருந்த 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்து வெண்கலம் அது, திருடு போயி நியூயார்க் வியாபாரி ஒருத்தர் கைக்கு வந்து, 2007ல நம்ம மியூசியம் 6,50,000 அமெரிக்க டாலர் கொடுத்து வாங்குச்சு, அப்புறம் விஷயம் வெளிய வந்ததும் 2015ல இந்தியாவுக்கே திருப்பிக் கொடுத்துட்டாங்க. அதே கோயில் நடராஜர் ஆஸ்திரேலியாவுல கான்பரா வரைக்கும் போயிட்டு அதுக்கு முந்தின வருஷம்தான் ஊர் திரும்பினார். பிள்ளைங்க வெளிநாடு போறது போக சாமியும் போன காலம்.

இப்ப உங்க கவிதைக்கு வாங்க. அம்மனை யாரும் கேக்காம தூக்கிட்டு வந்தாங்க. உங்க கொள்ளுத்தாத்தா, கடனோ பஞ்சமோ எதுவோ தள்ளியிருக்கும், ஆனா ஏறினது அவர் காலால. அம்மனுக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் இருந்துச்சு, போயிட்டா. உங்க கையில பிங்க் ஐசி (குடிமக்கள் அடையாள அட்டை) இருக்கு, சிபிஎஃப் சேமிப்பு இருக்கு, ஈசூன்ல வீடு இருக்கு, நாகப்பட்டினத்துல இறங்கினீங்கன்னா ஆட்டோக்காரர் உங்க தமிழைக் கேட்டதுமே ரெண்டு மடங்கு சொல்லுவார். நாடு கடத்தப்பட்டவள்னு எழுதும்போது சொல்லு பெருசா நிக்குது, உள்ள ஆள் இல்ல.

இன்னொரு சின்ன குத்தம். நாலு இடத்துல "வெள்ளையன் கவர்ந்த தேவி"னு வருது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டி ஒரு அறுபது வருஷம் கழிச்சு நடந்த திருட்டும்மா இது, கோயில் பூட்டை உடைக்க லண்டன்ல இருந்து யாரும் வரல. காலனி ஆட்சி மேல கோவம் இருந்தா தாராளமா எழுதுங்க, ஆனா அதுக்குச் சரியான பொருளைத் தேடிப் பிடிங்க (அடுத்த பதில்ல ஒண்ணு தரேன்).

எனக்கு என்ன தோணுதுன்னா, உங்க கவிதை இருக்கிற இடம் அம்மன் வாயில இல்ல, அம்மன் போன பிறகு காலியான அந்த எடத்துல. அவ போயிட்டா, நீங்க இங்க நிக்கிறீங்க, வழியனுப்ப வந்த ஆள் மாதிரி. சந்தோஷமா இருக்கா, பொறாமையா இருக்கா, நமக்குனு இருந்த ஒண்ணும் போச்சேனு இருக்கா? அதை எழுதுங்க. புறநானூறு 112 பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணியிருப்பீங்க, பாரியோட பொண்ணுங்க பாடினது, மொத்தமே அஞ்சு அடி. அன்னிக்கும் நிலா, இன்னிக்கும் நிலா, நடுவுல அப்பாவும் போயி மலையும் போச்சு, அவ்ளோதான் சேதி. அழுதோம்னு ஒரு சொல்லு கிடையாது, மலை எழுந்து பேசவும் இல்ல. உங்க கவிதையில கண்ணீர் மட்டும் ஏழு தடவை, நான் எண்ணிட்டேன்.

கேள்வி: அக்கா, தமிழ் மொழி விழா வந்தா போதும், கோஹினூர், எல்கின் பளிங்கு, பெனின் வெண்கலம்னு வெள்ளைக்காரன் எடுத்துட்டுப் போன பொருளைப் பத்தியே ஆளாளுக்கு மேடையில வாசிக்கிறாங்க. நம்ம சிங்கப்பூர்ல இருந்து எதுவும் போகலையா?
வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: போச்சு, வந்துச்சு, பாதி ரோட்டுல கலந்துச்சு. சிங்கப்பூர்க் கல்லைத்தான் சொல்றேன்.

ஆத்து முகத்துவாரத்துல, இப்ப ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் இருக்கிற பக்கம், ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்துல ஒரு பெரிய மணற்கல் பாறை, அதுல ஒரு 50 வரி எழுத்து. 1819ல காடு வெட்டும்போது கண்டுபிடிச்சாங்க, பார்த்தவங்க எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க, ஒருத்தராலயும் படிக்க முடியல, இன்னிக்கு வரைக்கும் முழுசா படிக்கல. 1843ல எடம் வேணும்னு வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க. ஜேம்ஸ் லோ-ங்கிற அதிகாரி பொறுக்கி எடுத்த சில துண்டு கல்கத்தாவுக்குப் போச்சு, அதுல ஒண்ணு 1918ல திரும்பி வந்து இப்ப தேசிய அரும்பொருளகத்துல இருக்கு. நாம அங்கிருந்து வந்தோம், கல்லு இங்கிருந்து அங்க போயிட்டு வந்துச்சு.

ஆனா எனக்குப் பிடிச்ச துண்டு கண்ணாடிக்குள்ள இருக்கிறது இல்ல, காணாம போனது. டபிள்யூ. எச். ரீட்னு ஒரு பழைய வியாபாரி சொன்னது: இப்ப ஃபோர்ட் கேனிங் இருக்கிற மேட்டுல, கவர்னர் மாளிகை ஓரமா பெரிய துண்டு ஒண்ணு கெடந்துச்சாம், ஒருதரம் கவர்னர் பினாங்கு போயிருந்தப்ப ரோட்டு வேலைக்குக் கல்லு பத்தலன்னு கைதிங்க அதை உடைச்சுப் போட்டுட்டாங்களாம். அப்ப இங்க ரோடு போட்ட கைதிங்க யாரு? 1825ல இருந்து கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்து இறக்கினாங்களே, பெரும்பாலும் இந்தியாவுல இருந்து வந்தவங்க. ஈசூன் தங்கச்சி, நாடு கடத்தப்பட்டவன்ங்கிற சொல்லு இவனுக்குச் சொந்தம், பாருங்க.

2019ல ஒரு ஆய்வாளர் மிச்சமிருக்கிற எழுத்துல பரகேசரிங்கிற சோழர் பட்டப்பேரோட துண்டு இருக்கலாம்னு சொன்னார். இருக்கலாம்தான், உறுதி இல்ல. அப்படி இருந்தா என்ன ஆகுதுன்னு யோசிச்சுப் பாருங்க, வெயில்ல உக்காந்து சுத்தியலால அடிக்கிறவன் ஒருவேளை தஞ்சாவூர்க்காரன், அடிபடுறது அவங்க ஊர் ராசாவோட பேரு, எழுத்து கண்ணுல பட்டிருந்தாலும் அவனால என்ன பண்ண முடியும், மேஸ்திரிக்கு வேண்டியது ஜல்லி. இதுல யார் திருடன், யார் பறிகொடுத்தவன்னு சுலபமா பிரிக்க முடியாது, எழுதுறவங்களுக்கு அதைவிட என்ன வேணும்? தஞ்சாவூர்க்காரன்னு நான் சொன்னது கற்பனை, மேடையில வரலாறுனு சொல்லிடாதீங்க. கல்லைப் பேச விடாதீங்க, அது 1843லயே நல்லா சத்தம் போட்டுடுச்சு. அந்த ஆள் பேசட்டும், கவர்னர் பினாங்குல இருந்து வந்து என்ன சொல்லுவாரோனு பயப்படட்டும்.

கேள்வி: கவிதையில லா, மக்கான், எம்ஆர்டினு நம்ம சிங்கப்பூர்ப் பேச்சுல வர்ற சொல்லெல்லாம் போடலாமா? எங்க தமிழ் டீச்சர் சிவப்பு மையில அடிச்சு விட்டுட்டாங்க.
வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: நியூசிலாந்துல மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேக வச்சுக்கிட்டிருந்த ஒரு வெண்கலச் சட்டியை 1836 வாக்குல கொலென்சோங்கிற கிறிஸ்தவ மிஷனரி பார்த்தார். சட்டி இல்ல அது, கவுந்த கப்பல் மணி, மேல தமிழ் எழுத்து. ஒரு இரும்புச் சட்டியைக் கொடுத்துட்டு வாங்கிட்டார், இப்ப வெல்லிங்டன்ல டே பாப்பா மியூசியத்துல இருக்கு. முகையதீன் பக்ஷோட கப்பல் மணினு அர்த்தம், ஆனா எழுத்து வச்சவர் பக்ஷ்ங்கிறதை "வக்குசு"ன்னு வச்சிருக்கார். காதுல விழுந்தபடி, வாய்ல வந்தபடி. கடல் தாண்டிப் போன தமிழ் அப்பவே அப்படித்தான் இருந்துச்சு.

அதனால போடுங்க. ஒரு கவிதைக்கு ஒரு லா போதும், ரெண்டாவது வந்தா காப்பிக்கடைப் பேச்சு ஆயிடும். டீச்சர்கிட்ட மணியோட படத்தைக் காட்டுங்க, அப்பவும் திட்டினாங்கன்னா என் பேரைச் சொல்லிடாதீங்க.