‘ஐஎஸ்ஓ 14001 வாங்கித் தருகிறோம்’ என்கிறார்கள், யாருக்கு?

கேள்வி: துவாஸில் ஒரு ரசாயனக் கிடங்கில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வயது 42, சிங்கப்பூரர். பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர், ஆனால் கழிவு டிரம், எண்ணெய்க் கசிவு, சோதனைக்கு அதிகாரிகள் வந்தால் கோப்பு எடுத்துக் கொடுப்பது எல்லாமே என் தலையில்தான். சுற்றுச்சூழல் நிர்வாகத்தில் ஒரு சான்றிதழ் இருந்தால் மேலே கொண்டுபோகலாம் என்கிறார் மேலாளர். எந்தச் சான்றிதழ் என்று சொல்லவில்லை. போன வாரம் கடைத்தொகுதியில் மேசை போட்டிருந்த ஒரு பயிற்சி நிலையத்தார் “ஐந்தே நாளில் ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ் பெற்ற மேலாளர் ஆகிவிடலாம், 2,600 வெள்ளி, ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் கழித்துக்கொள்ளலாம், கையிலிருந்து ஒரு காசு போகாது” என்றார்கள். சேரலாமா?

பதில்: இப்போதைக்குச் சேராதீர்கள். படிப்பு மோசமானதாக இருக்கும் என்று சொல்லவில்லை, அதை விற்கிற பேச்சில்தான் கோளாறு.

ஐஎஸ்ஓ 14001 என்பது சுற்றுச்சூழல் நிர்வாகத்தில் நிறுவனங்களுக்கான தரநிலை. 1996-ல் முதலில் வந்தது, 2015-ல் பெரிய அளவில் திருத்தி எழுதினார்கள். ஒரு நிறுவனம் தன் கழிவு, புகை, தண்ணீர், மின்சாரம் இதையெல்லாம் எப்படிக் கவனிக்கிறது, தன்மேல் எந்தெந்தச் சட்டம் பாயும் என்று அதற்குத் தெரியுமா, தெரிந்ததைச் செய்கிறதா, தவறு நடந்தால் திருத்துகிறதா என்று வெளியாள் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார். அது உங்கள் கிடங்குக்குக் கிடைக்கலாம், உங்களுக்குக் கிடைக்காது. அந்தத் தரநிலையை எழுதிய சர்வதேச அமைப்பான ஐஎஸ்ஓகூட நேரடியாக யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. தருவது தனிச் சான்றளிப்பு நிறுவனங்கள், அந்த நிறுவனங்களைச் சோதித்து அங்கீகரிப்பது இங்கே சிங்கப்பூர் அக்ரெடிடேஷன் கவுன்சில். ஆக “ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ் பெற்ற மேலாளர்” என்று ஒரு ஆளே கிடையாது.

அப்படியானால் அந்த ஐந்து நாளில் என்னதான் விற்கிறார்கள்? அநேகமாக லீட் ஆடிட்டர் படிப்பாக இருக்கும். 40 மணி நேரம், கடைசியில் தேர்வு. இன்னொரு நிறுவனத்துக்குள் போய் அவர்களுடைய நிர்வாக முறையை எப்படித் தணிக்கை செய்வது என்று சொல்லித்தரும் படிப்பு அது. நல்ல படிப்புதான், தணிக்கையாளர்களைப் பதிவு செய்கிற சிக்யூஐ ஐஆர்சிஏ அல்லது எக்ஸெம்ப்ளர் குளோபல் அமைப்பின் அங்கீகாரம் இருந்தால் வெளிநாட்டிலும் மதிப்பார்கள். அந்த அங்கீகாரத்தை நிலையத்தின் துண்டுப்பிரசுரத்தில் உள்ள முத்திரையைப் பார்த்து நம்பாமல், அந்த அமைப்புகளின் இணையத்தளத்துக்கே போய் நிலையத்தின் பெயரைத் தேடுங்கள். இன்னொன்று, தேர்வில் தேறினால் கிடைப்பது படிப்பை முடித்ததற்கான சான்றிதழ் மட்டுமே. பதிவு பெற்ற ஆடிட்டர் ஆக உண்மையான தணிக்கைகளில் வேலை செய்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். இதை மேசையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

உங்களுக்குத் தணிக்கையாளர் ஆகிற எண்ணம் இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை. அதனால் முதலில் மேலாளரிடம் போய் “எந்தச் சான்றிதழ், யார் கேட்கிறார்கள்?” என்று கேளுங்கள். யார் கேட்கிறார்கள் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் இந்தத் துறையில் மூன்று வகைத் தாள்கள் உண்டு: சட்டம் கேட்பது, வாடிக்கையாளரோ முதலாளியோ கேட்பது, யாருமே கேட்காதது. மூன்றாவது வகையில் நானும் ஒன்று வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன், இன்றுவரை அதைப் பற்றி விசாரித்தவர் என் மாமியார் ஒருவர்தான்.

சட்டம் கேட்பதற்கு உதாரணம் சொல்கிறேன். கட்டுமானத் தளங்களில் கொசு, கழிவு, சுகாதாரம் பார்க்கிற சுற்றுப்புறக் கட்டுப்பாட்டு அதிகாரி தேசியச் சுற்றுப்புற வாரியத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், பதிவில்லாத ஆளை அந்தப் பெயரில் உட்கார வைக்க முடியாது. எரிசக்திப் பக்கம் பார்த்தால், ஆண்டுக்கு 54 டெராஜூலுக்கு மேல் எரிசக்தி செலவழிக்கும் தொழிற்சாலைகள் 2013-லிருந்து எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி ஓர் எரிசக்தி மேலாளரை வைத்தாக வேண்டும். அதற்காக எஸ்சிஇஎம் (சிங்கப்பூர்ச் சான்றிதழ் பெற்ற எரிசக்தி மேலாளர்) என்றொரு தகுதி இருக்கிறது, பொறியியல் பின்னணி இல்லாதவருக்கு அது கடினம். கரிம வரியும் இப்படித்தான், ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் பசுமைக்குடில் வாயு வெளியிடும் இடங்களுக்குத்தான், 2019-ல் டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்தது 2024-ல் 25 ஆகி 2026-ல் 45 ஆகிவிட்டது, அதனால் அந்தக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் கிராக்கி கூடியிருக்கிறது. ஆனால் ஒரு கிடங்கு அந்த அளவை எட்டுவது அபூர்வம், உங்களுக்கு அதை விற்க வந்தால் வாங்காதீர்கள்.

உங்கள் வேலைக்கு நேரடியாகப் பயன்படுவது வேறு. நச்சுத் தொழிற்கழிவை உரிமம் உள்ளவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி, டிரம்களைச் சுற்றித் தடுப்புச்சுவர் ஏன், கழிவுநீர்க் குழாயில் விடுகிற தண்ணீரின் பிஎச் அளவு 6-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று தேசியத் தண்ணீர் அமைப்பான பியூபி சொல்வது, இதையெல்லாம் பதினோரு ஆண்டில் கையாலேயே கற்றிருப்பீர்கள். குறைவது அதை ஒரு முறையாக எழுதிவைக்கிற பழக்கம். அதற்குச் சொந்த நிறுவனத்தையே தணிக்கை செய்யச் சொல்லித்தரும் ஐஎஸ்ஓ 14001 இன்டர்னல் ஆடிட்டர் படிப்பு போதும், பெரும்பாலும் இரண்டு நாள், செலவும் குறைவு, திரும்பி வந்த மறுநாளே கிடங்கில் செய்துபார்க்கலாம். மேலாளர் பதவிதான் குறி என்றால், கையில் டிப்ளோமா இருக்கும் பட்சத்தில் பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் பகுதிநேர ஸ்பெஷலிஸ்ட் டிப்ளோமாக்களைப் பாருங்கள். ஒரு மாலை வேளையில் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் உங்களுக்குப் பிடித்த இருபது வேலை விளம்பரங்களைத் திறந்து எந்தத் தாளை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், மேசைக்காரர் சொன்னதைவிட அது சரியாக இருக்கும்.

அப்புறம் அந்த “ஒரு காசு போகாது”. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் என்பது படிப்புக்காக அரசாங்கம் உங்கள் கணக்கில் போட்ட தொகை, அதுவும் உங்கள் பணம்தான் ஐயா, செலவழித்தால் தீர்ந்துவிடும். முதலில் அந்தப் படிப்பு மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மானியமும் கிடையாது கிரெடிட்டும் கிடையாது. இருந்தால், தனியார் பயிற்சி நிலையங்களின் டபிள்யூஎஸ்கியூ (அரசாங்கத்தின் வேலைத்திறன் தகுதி முறை) படிப்புகளில் 40 வயது நிரம்பிய குடிமக்களுக்கு 70 விழுக்காடு வரை, தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் 90 வரை மானியம் உண்டு. 2,600 மானியத்துக்கு முந்தைய கட்டணம் என்றால் 70 போக 780 வெள்ளி, அதில் பழைய 500 வெள்ளி கிரெடிட்டைக் கழித்தாலும் 280 வெள்ளி கையிலிருந்துதான். மானியத்துக்குப் பிந்தையது என்றால், அவ்வளவு விலைக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பொருள் சேவை வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 2024-ல் 40 வயது நிரம்பியவர்களுக்குக் கொடுத்த 4,000 வெள்ளி தேர்ந்தெடுத்த படிப்புகளுக்குத்தான் செல்லும், அதை ஐந்து நாள் படிப்பில் கரைக்க நினைக்காமல் டிப்ளோமாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மானியம் வாங்கிச் சேர்ந்தால் வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது, போனால் மானியத் தொகையை உங்களிடமே கேட்பார்கள். ஷிப்ட் வேலையில் இருப்பவர்கள் தேதி பார்த்துச் சேர வேண்டும். யார் கேட்டாலும் அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைகிற சிங்பாஸ் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், “நாங்களே கிளெயிம் போட்டுத் தருகிறோம் அண்ணே” என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் சரி.

கேள்வி: கப்பல் பட்டறையில் எஸ் பாஸ் என்ற வெளிநாட்டவர் வேலை அனுமதியில் வேலை. இரண்டு ஆண்டில் துபாய் போகலாம் என்று எண்ணம். நெபோஷ் சுற்றுச்சூழல் சான்றிதழ் எடுக்கலாமா, இல்லை ஐஇஎம்ஏவா? எனக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் உதவி கிடைக்குமா?

பதில்: கிடைக்காது தம்பி, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் 25 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டும், மானியம் நிரந்தரவாசிகள் வரைக்கும் நீளும், எஸ் பாஸுக்கு வராது. நிறுவனமே செலவை ஏற்குமா என்று கேட்டுப் பாருங்கள், ஏற்றால் எத்தனை மாதம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள், துபாய்த் திட்டம் அங்கேதான் மாட்டும்.

நெபோஷ் ஒரு பிரிட்டிஷ் தேர்வு அமைப்பு, வளைகுடாவில் அந்தப் பெயர் எல்லா அலுவலகத்துக்கும் தெரியும், பாதுகாப்புத் துறையில் பழகிய பெயர் என்பதால். சுற்றுச்சூழல் மேலாண்மைச் சான்றிதழில் இரண்டு பகுதிகள், ஒன்று புத்தகம் பார்த்து எழுதும் தேர்வு, மற்றது உங்கள் வேலையிடத்தை நீங்களே மதிப்பிட்டு எழுதிக் கொடுப்பது. புத்தகம் பார்த்து எழுதலாம் என்றதும் சுலபம் என்று நினைக்காதீர்கள், ஒரு சம்பவத்தைக் கொடுத்து அதிலிருந்து எடுத்துக்காட்டோடு எழுதச் சொல்வார்கள், ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதிப் பழகாதவர்கள் திணறுவது அங்கேதான். ஐஇஎம்ஏ என்கிற பிரிட்டிஷ் சுற்றுச்சூழல் தொழில்முறை அமைப்பு 2025-ல் ஐஎஸ்இபி என்று பெயரை மாற்றிக்கொண்டது, தேடும்போது குழம்ப வேண்டாம். அது உறுப்பினர் அமைப்பு, பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொள்ள ஆண்டுதோறும் சந்தா கட்ட வேண்டும், நிறுத்தினால் எழுத்தும் போய்விடும். நெபோஷ் சான்றிதழுக்கு அந்தத் தொல்லை இல்லை. உங்கள் நிலைமைக்கு நான் நெபோஷ் என்பேன். மறுதேர்வுக்கு எவ்வளவு என்று மட்டும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள், கட்டணப் பட்டியலில் அது கடைசி வரியில் இருக்கும்.

கேள்வி: “வேலை உத்தரவாதம்” என்று சொன்னதை நம்பி ஒரு நிலையத்தில் சுற்றுச்சூழல் படிப்புக்கு 900 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டேன். வகுப்பு இன்னும் தொடங்கவில்லை, வேலையைப் பற்றிக் கேட்டால் நழுவுகிறார்கள். பணம் திரும்புமா?

பதில்: முதலில் கையெழுத்துப் போட்ட தாளைத் தேடி எடுங்கள். அது பதிவு பெற்ற தனியார் கல்வி நிலையமாக இருந்து, மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு 7 வேலைநாள் ஆகவில்லையென்றால் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு, இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள், தொலைபேசியில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். குறுகிய படிப்பு நடத்தும் பல நிலையங்கள் அந்த ஏற்பாட்டுக்குள் வராது, அப்போது அவர்கள் எழுதியிருக்கும் திருப்பித்தரும் விதியைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நடக்காததை நடக்கும் என்று சொல்லி விற்பது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக)ச் சட்டத்தில் தவறான வர்த்தக முறை, விதி என்ன எழுதியிருந்தாலும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் “உத்தரவாதம்” என்ற சொல் வந்த செய்திகளை இப்போதே படம் பிடித்து வையுங்கள், அனுப்பியவர் அழித்துவிடுவார்.

அவர்கள் இறங்கி வரவில்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம், அதற்கும் மசியவில்லையென்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, நீங்களே பேச வேண்டும், 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளிதான். மனுவை இணையத்திலேயே போடலாம். மனுப் போடப் போவதாக ஒரு வரி எழுதி, உங்களுக்கு விற்ற ஆளுக்கு அனுப்பாமல் நிலையத்தின் இயக்குநருக்கே அனுப்புங்கள், விற்றவருக்குக் கமிஷன் ஏற்கெனவே வந்துவிட்டிருக்கும், அவருக்கு அவசரமில்லை.