ஏபிஐ மூடினாலும் அக்கவுண்ட் பூட்டினாலும்: சமூக ஊடகம் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி செயலி எழுதுபவர்கள் கேட்டவை, மீதி பதிவு போடுவதும் படிப்பதுமாக இருப்பவர்கள் கேட்டவை. இரண்டு தரப்புக்கும் கவலை ஒன்றுதான்: தளம் நாளைக்கே விதியை மாற்றினால் என் கையில் என்ன மிஞ்சும்?

கேள்வி: ட்விட்டரின் இலவச ஏபிஐயை (வெளியார் எழுதும் நிரல்கள் தளத்தோடு பேசத் திறந்துவைத்த வாசலை) நம்பி ஒரு சின்ன பாட் (தானாக இயங்கும் நிரல்) எழுதி ஓட்டிக்கொண்டிருந்தேன். நின்றுபோனது. வேறு தளத்துக்கு மாற்றி எழுதலாமா, இல்லை அங்கேயும் இதே கதிதானா?

பதில்: அங்கேயும் நடக்கலாம் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். ட்விட்டரில் நடந்தது திடீரென்று முளைத்ததில்லை. 2012இலேயே மூன்றாம் தரப்புச் செயலிகளுக்கு, அதாவது வெளியார் எழுதிய செயலிகளுக்கு, 1,00,000 பயனர் என்று வரம்பு கட்டினார்கள். 2018 ஆகஸ்டில், பதிவுகள் உடனுக்குடன் வந்து விழுந்த ஸ்ட்ரீமிங் வசதியை மூடினார்கள். 2023 ஜனவரியில் ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் போன்ற செயலிகள் முன்னறிவிப்பே இல்லாமல் வேலை செய்வதை நிறுத்தின, அத்தகைய செயலிகளைத் தடைசெய்யும் வரி விதிமுறையில் ஏறியதே சில நாள் கழித்துத்தான். அடுத்த மாதம் இலவச ஏபிஐ முடிகிறது என்று அறிவிப்பு வந்தது, கொடுத்த அவகாசம் ஒரு வாரம். பிறகு தள்ளிப்போட்டு, பதிவு போட மட்டும் உதவும் ஒரு இலவச அடுக்கையும் மாதம் 100 டாலர் அடுக்கையும் கொண்டுவந்தார்கள்.

ரெடிட்டிலும் அதே ஆண்டுதான். ஏபிஐயிடம் செயலி விவரம் கேட்கும் 1,000 அழைப்புக்கு 24 சென்ட் என்றார்கள், கேட்கச் சின்னத் தொகைதான், ஆனால் ரெடிட்டைப் படிக்க உதவிய அப்போலோ என்ற வெளிச் செயலியை எழுதியவர் கணக்குப் போட்டபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வந்தது. 2023 ஜூன் 30 அன்று மூடிவிட்டார். ஆண்டுச் சந்தாவாக முன்பணம் கட்டியவர்களுக்கு மீதிக் காலத்துப் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய சுமை வேறு அவர் தலையில். அடுத்தவர் ஏபிஐ மேல் நிற்கிற செயலிக்கு ஆண்டுச் சந்தா வாங்காதீர்கள், மாதச் சந்தாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

எழுதும்போது, தளத்தோடு பேசும் நிரலை ஒரே கோப்பில் ஒதுக்கிவிடுங்கள். மற்ற கோப்புகளைத் திறந்தால் தளத்தின் பெயரே கண்ணில் படக் கூடாது. 'பதிவைப் போடு', 'புதியதை எடு' என்று உங்கள் சொந்தப் பெயரில் நாலைந்து ஃபங்ஷன் இருந்தால் போதும், தளம் மாறினால் அந்த ஒரு கோப்பு மட்டும் மாறும். பாட் தேடிச் சேர்த்தவற்றையும் அதன் அட்டவணையையும் உங்கள் டேட்டாபேஸில் வைத்திருங்கள். மாற்றுத் தளம் என்றால், பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்களில் ஓடும் மாஸ்டடான் பக்கம் போகச் சொல்வேன். அந்தச் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள நம்பியிருக்கும் ஆக்டிவிட்டிபப், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018இல் பரிந்துரைத்த பொது நெறிமுறை, ஒரு சர்வர் கதவைச் சாத்தினால் இன்னொன்றுக்கு நகரலாம். பாட்களை அனுமதிக்காத சர்வர்களும் உண்டு, சேரும் முன் அதன் விதியைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: தளத்தின் ஏபிஐயை அழைத்தால் 429 பிழை வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் உடனே திரும்ப அழைக்கிறேன், சரியாகவில்லை.

பதில்: உடனே அழைப்பதால்தான் சரியாகவில்லை. அளவுக்கு மேல் கேட்டுவிட்டீர்கள் என்பதற்கான எண் அது. எத்தனை அழைப்பு மிச்சம், எப்போது மறுபடி திறக்கும் என்பது பெரும்பாலும் தளம் அனுப்பும் பதிலின் ஹெடரிலேயே (மேல் குறிப்பிலேயே) வரும், அதைப் படித்து அதுவரை நிரலைத் தூங்கவிடுங்கள். ஹெடர் இல்லாத இடத்தில் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குங்கள்.

கேள்வி: ட்விட்டர் பதிவின் எண்ணைச் சேமித்துப் பிறகு திறந்தால் 'அப்படி ஒரு பதிவு இல்லை' என்கிறது. எல்லாப் பதிவுக்கும் இல்லை, பல பதிவுகளுக்கு இப்படி. தளம் அழிக்கிறதா?

பதில்: தளத்தின் மேல் தப்பில்லை, எண்ணின் கடைசி இலக்கங்கள் உங்களிடம்தான் மாறுகின்றன. நீங்கள் அனுப்பிய நிரல் ஜாவாஸ்கிரிப்ட், அதில் 9007199254740992க்கு மேல் எல்லா முழு எண்களையும் துல்லியமாக வைத்திருக்க முடியாது. ட்விட்டர் பதிவு எண்களோ 64 பிட், அந்த எல்லையைத் தாண்டும் நீளம். பிரவுசர் கன்சோலில் 1234567890123456789 என்று அடித்து என்டர் தட்டிப் பாருங்கள், 1234567890123456800 என்று திரும்பி வரும். அந்த எண்ணில் பதிவு எதுவும் இல்லை, அதனால்தான் 'இல்லை' என்கிறது. தற்செயலாக அது வேறொருவர் பதிவின் எண்ணாக இருந்துவிட்டால் இன்னும் மோசம்.

தீர்வு எளிது. எண்ணைக் கடைசிவரை ஸ்ட்ரிங்காகவே (எண்ணாக இல்லாமல் எழுத்தாக) வைத்திருங்கள், டேட்டாபேஸிலும் அப்படியே. அதை வைத்துக் கூட்டல் கழித்தல் எதுவும் செய்யப்போவதில்லையே. எக்செல்லில் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் அங்கேயும் கவனம், 15 இலக்கத்துக்கு மேல் இருப்பதை அது பூஜ்யமாக்கிவிடும். ஏற்கெனவே கெட்டுப்போன எண்களைக் கணக்குப் போட்டு மீட்க வழியில்லை, தளத்திலிருந்து புதிதாகத்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது, எழுதியவரே நீக்கிவிட்ட பதிவுகள் உங்கள் சேமிப்பில் இருந்தால் அவற்றையும் நீக்கிவிடுங்கள். ஏபிஐ ஒப்பந்தத்தில் அது இருக்கிறது, இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியதுதான்.

கேள்வி: எப்போதோ ஒரு வினாடி வினா செயலிக்கு அனுமதி கொடுத்தேன். இப்போது என் பெயரில் விளம்பரம் போகிறது. பாஸ்வேர்டை மாற்றியும் நிற்கவில்லையே?

பதில்: அந்தச் செயலிக்கு உங்கள் பாஸ்வேர்டே தெரியாது, தேவையும் இல்லை. 'அனுமதி' என்று தட்டினீர்களே, அப்போது தளம் அதற்கு ஒரு டோக்கன் கொடுத்தது. பூட்டை மாற்றினாலும் முன்பு கொடுத்த தனிச் சாவி வேலை செய்கிற நிலை இது. செட்டிங்ஸில் 'இணைக்கப்பட்ட செயலிகள்' என்ற பகுதிக்குப் போய் அந்தச் செயலியின் அனுமதியை ரத்து செய்யுங்கள். பட்டியலை முழுதாகக் கீழே வரை பாருங்கள், பெயரே நினைவில்லாத செயலி எதுவாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். தேவைப்பட்டால் மறுபடி கொடுக்க அரை நிமிடம் ஆகாது.

இதை அலட்சியமாக விடக் கூடாது என்பதற்கு ஃபேஸ்புக் கதை போதும். அதன் பழைய ஏபிஐயில் ஒருவர் அனுமதி கொடுத்தால் அவருடைய நண்பர்களின் விவரமும் சேர்ந்து போனது. 2015 ஏப்ரலில்தான் அதை முழுதாக மூடினார்கள், அதற்குள் ஆளுமைத் தேர்வுச் செயலி ஒன்றின் வழியாக 8.7 கோடிப் பேர் வரையிலான விவரம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் எதையும் தட்டியதில்லை, அவர்களுடைய நண்பர் யாரோ தட்டினார், அவ்வளவுதான்.

கேள்வி: நான் பின்தொடர்பவர்களை விட்டுவிட்டு யார் யாரோ எழுதுவது டைம்லைனில் வருகிறது. நிறுத்த முடியுமா?

பதில்: 'ஃபாலோயிங்' தாவலுக்கு மாறுங்கள். எக்ஸின் (ட்விட்டரின் இப்போதைய பெயர்) பரிந்துரைத் தாவலில் சராசரியாகப் பாதி, நீங்கள் பின்தொடராதவர்களின் பதிவாகவே இருந்தது. 2023 மார்ச் 31 அன்று நிரலின் ஒரு பகுதியை வெளியிட்டபோது அவர்களே அப்படி எழுதினார்கள்.

கேள்வி: இரண்டாம் அடுக்குப் பாதுகாப்புக்கு (பாஸ்வேர்டோடு சேர்த்துக் கேட்கும் குறியீட்டுக்கு) எஸ்எம்எஸ் போதாதா? போன் தொலைந்தால்?

பதில்: ஒன்றுமே இல்லாததற்கு எஸ்எம்எஸ் மேல். ஆனால் உங்கள் எண்ணுக்கு வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால் குறியீடு அவருக்குத்தான் போகும். போதாததற்குத் தளமே அந்த வசதியைப் பிடுங்கவும் செய்யலாம், 2023 மார்ச் 20 முதல் ட்விட்டரில் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும்தான் எஸ்எம்எஸ் வழி என்று ஆனது. போனிலேயே குறியீட்டை உருவாக்கித் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாறுங்கள், அப்புறம் தளம் தரும் பேக்கப் குறியீடுகளைத் தாளில் எழுதிப் போனுக்கு வெளியே வையுங்கள். கையோடு உங்கள் பதிவுகளின் பிரதியையும் செட்டிங்ஸில் கேட்டு வாங்கிவிடுங்கள். அக்கவுண்ட் பூட்டப்பட்ட பிறகு கேட்டால் கிடைக்கும் என்று நிச்சயமில்லை.

கேள்வி: எனக்குப் பார்வை கிடையாது. மூன்றாம் தரப்புச் செயலியில்தான் வசதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். அது போன பிறகு அதிகாரபூர்வச் செயலியில் ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பாதி இடத்தில் வெறும் 'பட்டன்' என்றே சொல்கிறது. எங்களுக்கு வழியே இல்லையா?

பதில்: ஏபிஐ மூடல்களில் எனக்கு மிகவும் கோபம் வரவைத்தது இதுதான். கணக்குப் போட்டவர்கள் உங்களை நினைக்கவே இல்லை. ரெடிட்டில் பார்வையற்ற பயனர்கள் சேர்ந்து குரல் கொடுத்த பிறகுதான் ரெட்ரீடர், டிஸ்டோபியா, லூனா போன்ற வணிக நோக்கமில்லாத செயலிகளுக்குக் கட்டணத்திலிருந்து விலக்கு கிடைத்தது. நீங்கள் இருப்பது ரெடிட் என்றால் முதலில் அவற்றைப் பாருங்கள். ட்விட்டரில் அணுகல்தன்மைக் குழுவையே (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளத்தைச் செய்யும் குழுவை) 2022 நவம்பரில் கலைத்துவிட்டார்கள், அங்கே செயலியை விட்டுப் பிரவுசரில் தளத்தைத் திறந்து பாருங்கள், தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போவது பலருக்குச் சுலபமாக இருக்கிறது.

புகார் அனுப்பும்போது 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் அதை ஓரத்தில் வைத்துவிடுவார்கள். எந்தத் திரை, இடமிருந்து எத்தனையாவது பட்டன், ஸ்கிரீன் ரீடர் சொன்ன வார்த்தை என்ன, அது என்ன சொல்லியிருக்க வேண்டும், செயலியின் பதிப்பு எண் என்ன, இத்தனையும் எழுதுங்கள். ஒரு புகாரில் ஒரு பட்டன் மட்டும். இதைப் படிக்கிற டெவலப்பர்கள் தங்கள் செயலியில் இன்றைக்கே டாக்பேக் (ஆண்ட்ராய்டின் ஸ்கிரீன் ரீடர்) அல்லது வாய்ஸ்ஓவரை (ஐபோனுடையது) போட்டு, திரையைப் பார்க்காமல் ஒரு பதிவு எழுதி அனுப்பிப் பாருங்கள். பெயரில்லாத பட்டன் எத்தனை என்பது அங்கேயே தெரிந்துவிடும், ஒவ்வொன்றையும் சரிசெய்ய ஒரு வரிதான் ஆகும்.