ஸ்போர்ட் பட்டன அமுக்குனா காடி நெஜமாவே மாறுதா? – போமன் (மெக்கானிக்) பதில்கள்

கேள்வி: போமன் அண்ணே வணக்கம். நான் பீடோர் பக்கம் தோட்டத்துல இருக்கேன். இப்பதான் 1.5 டர்போ காடி ஒண்ணு செகண்ட்ஹேண்ட்ல எடுத்தேன். அதுல ஸ்போர்ட்னு ஒரு பட்டன் இருக்கு. கூட்டாளிங்க எல்லாம் அது சும்மா சத்தம்தான்டா, மீட்டர் செவப்பா மாறும், வேற ஒண்ணும் இல்லங்கறாங்க. அப்பா என்னடான்னா அத தொடாத, இஞ்சின் போயிடும்ங்கறாரு. யார் சொல்றத கேக்கறது? – வாசகர், பீடோர்

பதில்: தம்பி, கூட்டாளிங்க சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு, அப்பா பயத்துலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு, ஆனா ரெண்டு பேருமே அந்த பட்டன் என்ன வேலை செய்யுதுன்னு சொல்லல.

மொதல்ல குதிரைசக்தி கதைய முடிச்சிடுவோம். நம்ம ஆளுங்க வாங்கற வெலையில உள்ள பெட்ரோல் காடிங்கள்ல பெரும்பாலும் ஸ்போர்ட் போட்டாலும் போடாட்டியும் இஞ்சின் குடுக்கற அதிகபட்ச சக்தி ஒண்ணுதான். பெடல தரையோட மிதிச்சிட்டீங்கன்னா ரெண்டு மோட்லயும் திரோட்டல் (இஞ்சினுக்கு காத்து போற வழிய தொறந்து மூடற கதவு) முழுசா தொறந்துக்கும், கியரும் தானாவே எறங்கிடும். அதனால நிக்கற எடத்துலேர்ந்து முழு மிதி மிதிச்சு பாத்துட்டு ஒண்ணுமே இல்லயேன்னு சொல்றவங்க அந்த அளவுக்கு சரியாதான் சொல்றாங்க. ஆனா தெனமும் யாரு அப்படி ஓட்டறா? நாம ஓட்டறது கால்வாசி மிதி, பாதி மிதி. வித்தியாசம் அங்கதான் இருக்கு.

இப்ப வர்ற காடிங்கள்ல பெடலுக்கும் இஞ்சினுக்கும் நடுவுல கேபள் கெடையாது. உங்க காலு எவ்வளவு அழுத்துதுன்னு பெடல்ல இருக்கற சென்சர் கம்ப்யூட்டருக்கு சொல்லும், திரோட்டல எவ்வளவு தொறக்கலாம்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும். ஒரு பேச்சுக்கு சொல்றேன், பெடல நூத்துக்கு 30 பங்கு அழுத்துனா நார்மல்ல 20 பங்குதான் தொறக்கும், ஸ்போர்ட்ல அதே காலுக்கு 40, 45 வரைக்கும் தொறக்கும். அதான் காடி சட்டுனு பாயற மாரி தெரியுது. இது வேகம் கூடுனது இல்ல, நீங்க கொஞ்சமா கேட்டதுக்கே காடி நெறைய குடுத்துடுது, அவ்வளவுதான். இத மட்டும் வெச்சு பாத்தா கூட்டாளிங்க சொல்றது சரின்னே வெச்சுக்கலாம்.

ஆனா கியர் விஷயம் வேற, அதுதான் பெருசு. நார்மல்ல கம்ப்யூட்டருக்கு பெட்ரோல் மிச்சம் பண்ற நெனப்புதான் எப்பவும், அதனால சீக்கிரமா மேல் கியருக்கு போயிடும், 60ல போறப்ப ஆர்பிஎம் (இஞ்சின் நிமிஷத்துக்கு சுத்தற சுத்து) 1,500 பக்கத்துல படுத்துக் கெடக்கும். ஸ்போர்ட் போட்ட ஒடனே ஆர்பிஎம் ஊசி 2,500, 3,000னு எழும்பும், கியர விடாம புடிச்சு வெச்சுக்கும், பெடல்லேர்ந்து கால எடுத்தாலும் மேல் கியருக்கு ஓடாது. உங்களது டர்போ வேற, டர்போங்கறது இஞ்சினுக்கு காத்த அழுத்தி தள்ளற விசிறி, அது சுத்தறதுக்கு இஞ்சின்லேர்ந்து புகை வேகமா வரணும், ஆர்பிஎம் கம்மியா இருந்தா அது சுத்தி அழுத்தம் ஏறறதுக்கு நேரம் எடுக்கும், ஏற்கனவே மேல இருந்தா மிதிச்ச ஒடனே சக்தி கையில. சடுகுடு கோட்டுல முட்டிய மடக்கி குனிஞ்சு நிக்கிறவனையும் நாற்காலியில சாஞ்சு உக்காந்திருக்கறவனையும் நெனச்சுக்குங்க, அதே ஆளு அதே காலுதான், ஆனா விசில் அடிச்சா யாரு மொதல்ல கெளம்புவா?

இது எங்க உபயோகம்னா, நம்ம பழைய மெயின் ரோட்டுலதான் தம்பி. பீடோர்லேர்ந்து சிலிம் ரிவர் பக்கம் போற அந்த ரோட்டுல போகற ஒரு லேன் வர்ற ஒரு லேன், முன்னாடி செம்பனைக் குலை ஏத்துன லோரி 60ல ஊந்துக்கிட்டு போகுது, மேல வலை சரியா கட்டாம ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பழம் கீழ விழுது, பின்னாடி நீங்க. லோரிய வெட்டி முந்தலாம்னு பாத்து பெடல மிதிக்கிறீங்க, நார்மல்ல இருந்தா கியர் எறங்கி டர்போ ஏறி காடி இழுக்கறதுக்குள்ள சுமாரா ஒரு செகண்ட் போயிடும். ஒரு செகண்ட்தானேன்னு நெனக்காதீங்க. 60ல போற காடி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும், எதுருல 90ல வர்றவன் 25 மீட்டர் ஓடுவான், ரெண்டையும் கூட்டுனா நீங்க காத்துக்கிட்டு இருந்த அந்த ஒரு செகண்டுல எடைவெளி 42 மீட்டர் கொறைஞ்சு போச்சு. மூணு லோரிய வரிசையா நிறுத்துனாக்கூட அவ்வளவு நீளம் வராது.

அதனால நான் எல்லாருக்கும் சொல்றது இதுதான், வெட்டணும்னு முடிவு பண்ணா லோரிக்கு பின்னாடி எடைவெளி விட்டு இருக்கும்போதே ஸ்போர்ட்ட போட்டுடுங்க, ஊசி மேல ஏறி நிக்கட்டும், அதுக்கப்பறம் எதுரு ரோட்ட பாருங்க, காலியா இருந்தா போங்க, முடிஞ்ச ஒடனே பட்டன எடுத்துடுங்க. எதுரு லேனுக்கு வந்ததுக்கு அப்பறம் பட்டன தேடறது ரொம்ப ஆபத்து. எரட்டைக் கோடு இருந்தா, வளைவு இருந்தா, எந்த மோடும் உங்களுக்கு ஒதவாது, லோரிக்கு பின்னாடியே போங்க, ரெண்டு நிமிஷம் லேட்டா போனா தோட்டத்துல யாரும் திட்ட மாட்டாங்க. நம்ம பக்கத்து பிள்ளைங்க இந்த ரோட்டுல உயிர விட்டத கேட்டு கேட்டு மனசு வலிக்குது தம்பி, அதனாலதான் இவ்வளவு நீட்டி எழுதறேன்.

அடுத்தது மலை. தாப்பாலேர்ந்து கேமரன் மலைக்கு ஏறற 59ஆம் நம்பர் ரோடு தெரியும்ல, லாத்தா இஸ்கண்டார் அருவி தாண்டி ரிங்லெட் வரைக்கும் வளைவுக்கு மேல வளைவு, தானா ராத்தா போய் சேர்றப்ப 1,400 மீட்டருக்கு மேல ஒசரத்துல இருப்பீங்க. நார்மல்ல விட்டா வளைவுல கால எடுத்த ஒடனே காடி மேல் கியருக்கு போகும், வெளிய வந்து மிதிச்சா தெணறும், திரும்ப கியர் எறங்கும், மேல வரைக்கும் இதே போராட்டம், பின்னாடி உக்காந்திருக்கற பாட்டிக்கு வாந்தி வந்துடும். ஸ்போர்ட்ல வெச்சா கியர் ஒரே எடத்துல நிக்கும், காடி அமைதியா ஏறும். வேகமா போறதுக்கு இல்ல, சீரா போறதுக்கு.

எறங்கறப்ப இன்னும் முக்கியம். ஆர்பிஎம் மேல இருந்தா இஞ்சினே காடிய புடிச்சு மெதுவாக்கும், பிரேக் மேல பாரம் கொறையும். டி-ல விட்டுட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா கருகற வாடை வரும், பிரேக் எண்ண கொதிச்சுடுச்சுன்னா பெடல் மெதுமெதுன்னு உள்ள போகும், அப்ப காடிய நிறுத்தறது சாமி கையிலதான். செங்குத்தா எறங்குற எடத்துல ஸ்போர்ட்டோட நிறுத்தாம கியர் கொம்புல எல்-ஓ பி-யோ (எறக்கத்துக்கு உள்ள கியர்) இருந்தா அத போடுங்க, மேனுவல் மோட் இருந்தா மைனஸ தட்டுங்க.

இப்ப எங்க போடக் கூடாதுன்னு சொல்றேன். தோட்டத்து செம்மண் ரோட்டுல வேணாம், மழை பேஞ்சா அந்த மண்ணு சோப்பு போட்ட மாரி ஆயிடும், பெடல் கூர்மையா இருக்கறதால லேசா மிதிச்சாலே டயர் சுத்தும். தோட்டத்து கேட்டு முன்னாடி தார் ரோட்டுல சேர்ற எடத்த பாத்திருப்பீங்க, லோரி டயருல ஒட்டுன சேறு தார் மேலயே ஒரு பட்டையா கெடக்கும், அந்த எடத்துல நார்மல்தான் நல்லது, மெதுவா மிதிங்க. காலையில காடிய ஸ்டார்ட் பண்ண ஒடனேயும் வேணாம், இஞ்சின் எண்ண சூடாகி ஓடறதுக்கு கொஞ்ச தூரம் சாதாரணமா போங்க. ஜேம்லயும் எதுக்கு, காடி வெடுக் வெடுக்னு இழுக்கும், கூட உக்காந்திருக்கறவங்களுக்கு தலைவலிதான்.

அப்பாகிட்ட சொல்லுங்க, ஸ்போர்ட்டால இஞ்சின் வெடிக்காது. ஊசி செவப்பு கோட்ட தாண்டாம கம்ப்யூட்டர் எந்த மோட்லயும் தடுத்துடும், கம்பெனிக்காரன் வாரண்டி குடுத்துட்டு இஞ்சின கெடுக்கற பட்டன வெக்க மாட்டான். ஆனா எப்பவும் அதுலயே ஓட்டுனா பெட்ரோல் கூட குடிக்கும், கியர்பாக்ஸ் சூடும் கூடும், பிரேக் பேடு டயரு எல்லாம் சீக்கிரம் தேயும் (அதுக்கு பட்டன விட காலுதான் காரணம்). செகண்ட்ஹேண்ட் காடிங்கறதால இஞ்சின் எண்ணயும் கியர்பாக்ஸ் எண்ணயும் எப்ப மாத்துனாங்கன்னு முன்னாடி ஓனரோட சர்வீஸ் புக்க கேட்டு வாங்கி பாருங்க. அப்பா பயப்பட வேண்டியது அதுக்குதான்.

ஸ்டீரிங் பத்தி ஒரு வரி: நெறைய காடிங்கள்ல ஸ்போர்ட்ல கொஞ்சம் கனமாகும், மோட்டார் ஒதவி கொறையுது, வேற எதுவும் இல்ல. பெரிய வெல காடிங்கள்ல எலக்ட்ரானிக் அப்சோர்பர் இருக்கும், அதுல பட்டன அமுக்குனா சஸ்பென்ஷனே இறுகிடும், சைலன்சர்ல வால்வு தொறக்கும். போர்ஷ சிலதுல 20 செகண்டுக்கு முழு வேகத்துல பதில் குடுக்கற தனி பட்டனே இருக்கு. நம்ம காடியில அப்சோர்பர் சாதாரணமானது, பட்டனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, வளைவுல காடி ரோட்ட புடிக்கறது டயருதான். டயரு பக்கத்துல நாலு நம்பர் இருக்கும், 2321ன்னா 2021ல 23ஆவது வாரம் செஞ்சது. உங்களத பாருங்க. டயரு பூவு (ரோட்டுல படற பக்கத்து பள்ளம்) 1.6 மில்லிமீட்டருக்கு கீழ போயிட்டா சட்டப்படியே ஓட்டக் கூடாது.

கேள்வி: என்னோட அத்திவா காடியில ஸ்டீரிங்லயே பிடபிள்யுஆர்னு ஒரு பட்டன் இருக்கு. தாப்பால ஸ்கூலுக்கு போய் வர்றதுக்கு அது தேவையா? எண்ண நெறைய குடிக்குமா? – ஆசிரியை, தாப்பா

பதில்: டீச்சர், அதுவும் ஸ்போர்ட்தான், பேருதான் வேற. பெரோடுவா அத்திவா 2021ல வந்தது, 1 லிட்டர் டர்போ, அதோட முழு இழுவை 140 நியூட்டன் மீட்டர், அது கெடைக்கறது 2,400லேர்ந்து 4,000 ஆர்பிஎம் வரைக்கும். இத தெரிஞ்சிக்கிட்டா பட்டன் புரிஞ்சிடும். சும்மா ஓட்டறப்ப சிவிடி கியர்பாக்ஸ் (படிப்படியா இல்லாம சீரா மாறற ஆட்டோ கியர்) ஆர்பிஎம்ம 2,400க்கு கீழதான் வெச்சிருக்கும், பட்டன தட்டுனா அந்த நல்ல எடத்துக்கு கொண்டு வந்து நிறுத்தும். டோல்ல நொழைஞ்சு ஹைவேயில சேர்றப்ப, லோரிய வெட்றப்ப, ஆளும் சாமானும் நெறஞ்சு மேடு ஏறறப்ப தட்டுங்க, கட்ட வெரலுக்கு எட்டற எடத்துல வெச்சதே அதுக்குத்தான். ஸ்கூலுக்கு போற டவுன் ரோட்டுக்கு வேணாம். ஆர்பிஎம் கூடுனா எண்ண கூடத்தான் செய்யும், அரசாங்கத்தோட புடி95 மானியத்துல பெட்ரோல் மலிவா கெடைச்சாலும் வீணா எரிக்க வேணாம்ல. வேற காடிங்கள்ல ஈக்கோ பட்டன் இருந்தா அது இதுக்கு நேர் எதிர், பெடல மந்தமாக்கும், சிலதுல ஏர்கோனையும் கொறைக்கும். ஈக்கோவ போட்டு விட்டுட்டு ஏர்கோன் குளுரலன்னு என்கிட்ட வர்றவங்க உண்டு, காஸ் போடறதுக்கு முன்னாடி அத ஆப் பண்ணி பாக்க சொல்லுவேன்.

கேள்வி: தம்பி, என்கிட்ட மொத மாடல் மைவி ஆட்டோ இருக்கு. மகன் திரோட்டல் கண்ட்ரோலர்னு ஒரு பெட்டி வாங்கி மாட்டணும்ங்கறான், மாட்டுனா ஸ்போர்ட் மோட் மாரியே ஆயிடுமாம். பல நூறு வெள்ளி சொல்றாங்க. மாட்டலாமா? – துரோலாக் வாசகர்

பதில்: ஐயா, காச குடுக்காதீங்க. அந்த பெட்டி பெடல் சென்சருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு, நீங்க 30 அழுத்துனத 45னு மாத்தி சொல்லும், அவ்வளவுதான் அதோட வேலை. கியர தொடாது, எந்த இஞ்சினுக்கும் ஒரு சொட்டு சக்தியும் கூட்டாது. நீங்களே கால கொஞ்சம் கூட அழுத்துனா அதே பலன், வெல ஒண்ணும் இல்ல. அதுக்கும் மேல, பழைய காடிங்க நெறையதுல பெடலுக்கு கேபள்தான், அந்த மாரி காடியில பெட்டிய மாட்டவே முடியாது. மகன பானெட்ட தொறந்து திரோட்டல் பக்கத்துல கேபள் ஓடுதான்னு பாக்க சொல்லுங்க.

உங்க கியர் கொம்புல ஓ/டி ஆப்னு (ஓவர்டிரைவ்) சின்ன பட்டன் இருக்கான்னு பாருங்க. இருந்தா, அது நாலாவது கியர பூட்டி மூணோட நிறுத்தும், அந்த காலத்து ஸ்போர்ட் மோட்னே வெச்சுக்குங்க. மேடு ஏறறப்ப, எறங்கறப்ப, வெட்றப்ப அமுக்குங்க, மீட்டர்ல லைட் எரியும், முடிஞ்சதும் திரும்ப அமுக்கி லைட்ட அணைச்சிடுங்க, இல்லன்னா ஹைவேயில இஞ்சின் கத்திக்கிட்டே வரும். பெட்டிக்கு வெச்ச காசுல பிரேக் எண்ணய மாத்துங்க ஐயா, அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும், பழைய காடிங்கள்ல அத யாரும் மாத்தறதே இல்ல.

கேள்வி: ஸ்போர்ட்ல ஓட்டறப்ப 97 எண்ணதான் ஊத்தணும்னு சொல்றாங்க, நெஜமா? – வாசகர், சிலிம் ரிவர்

பதில்: தேவையில்ல. 95, 97ங்கறது சக்தியோட நம்பர் கெடையாது, இஞ்சினுக்குள்ள எண்ண நேரத்துக்கு முன்னாடியே தானா பத்திக்காம எவ்வளவு தாங்கும்ங்கற நம்பர். 95க்குன்னு செஞ்ச இஞ்சினுக்கு ஸ்போர்ட்லயும் 95தான். எண்ண ஊத்தற மூடிய தொறந்தா உள்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, அங்க இல்லன்னா காடியோட மேனுவல் புக்குல இருக்கும், அதுல 97னு போட்டிருந்தா மட்டும் 97 ஊத்துங்க.