குர்ஆனைச் சந்தேகிக்கும் கதைகள் என்றால் முஸ்லிம்கள் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்கள்? கதைதானே?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் யாரோ ஒரு முஸ்லிம் நண்பரிடம் ஏதோ ஒரு கதையைப் பற்றிச் சொல்லி, அவர் முகம் சுருங்கியதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நண்பர் நானாகவும் இருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து "அப்போ கத்திக்குத்தையும் ஆதரிக்கிறீர்களா" என்று கேட்க வேண்டாம். 1994-இல் எகிப்திய நாவலாசிரியர் நகீப் மஹ்ஃபூஸை, 82 வயதுக் கிழவரை, கழுத்தில் குத்தினார்கள். அதற்குப் பிறகு அவருடைய வலது கையால் ஒழுங்காக எழுதவே முடியவில்லை. 2022-இல் சல்மான் ருஷ்டி மேடையில் வைத்துக் குத்தப்பட்டு ஒரு கண் பார்வையை இழந்தார். இரண்டும் குற்றம். அதில் எனக்கு "ஆனால்" கிடையாது. நான் சொல்லப்போகும் வருத்தம் வேறு.

எங்கள் அத்தா (அப்பா) ஹாபிழ், அதாவது குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவர். 6,236 வசனங்களும் அவருக்கு மனப்பாடம். என்னையும் ஹாபிழ் ஆக்கப் பார்த்தார், நான் முப்பது ஜுஸ்வில் (பாகத்தில்) ஏழோடு நின்றுவிட்டேன். ஓதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரிய தலைவலி வசனங்களின் முடிவுதான். ஒன்று "ஸமீஉன் அலீம்" என்று முடியும், இன்னொன்று "அலீமுன் ஹகீம்" என்று முடியும். செவியுறுபவன், அறிபவன், ஞானமுள்ளவன் என்ற பெயர்கள்தான் மாறி மாறி வரும். பதினோரு வயதில் ஒருநாள் நான் இதை அதாக மாற்றி ஓதிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன். பக்கத்து அறையில் படுத்திருந்த அத்தா, தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன், அங்கிருந்தே "திரும்ப ஓது" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு வாசகர் வட்டத்தில் சேர்ந்திருந்தேன். மாதம் ஒருமுறை கூடுவோம், யாராவது தன் கதையை வாசிப்பார்கள். ஒரு மாதம் வாசிக்கப்பட்ட கதையில், வஹீயை, அதாவது நபிக்கு வந்த இறைச்செய்தியை, எழுதிக்கொடுக்கும் எழுத்தர் ஒருவர், சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு வசனத்தின் முடிவை மாற்றி எழுதுகிறார். செவியுறுபவன் என்ற இடத்தில் ஞானமுள்ளவன். யாரும் கவனிக்கவில்லை. அன்றிரவே அவருடைய நம்பிக்கை உடைகிறது. 1988-இல் வந்த ருஷ்டியின் "சாத்தானிய வசனங்கள்" (The Satanic Verses) நாவலிலும் ஏறக்குறைய இதே காட்சி உண்டு என்பதால் எனக்குப் புதிதாக இல்லை. ஆனால் புத்தகத்தில் இருப்பது வேறு, பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து காதால் கேட்பது வேறு. "யாரும் கவனிக்கவில்லை" என்ற வரி வந்ததும் எனக்குப் பக்கத்து அறைதான் நினைவுக்கு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அப்புறம் ஒரு நண்பர் வந்து, "நீயுமா? நீ அப்படி இல்லை என்று நினைத்தேன்" என்றார். இந்த "அப்படி" என்ற சொல்லை வாழ்க்கையில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவில்லை. நான் கத்தினேனா, கதையைக் கிழித்தேனா, தடை கேட்டேனா? எழுந்து போனேன், அவ்வளவுதான். குர்ஆன் என்னைச் செய்யச் சொல்வதும் அதுதான். நாலாவது சூராவில் (அத்தியாயத்தில்), இறைவசனங்கள் மறுக்கப்பட்டுக் கேலி செய்யப்படுவதைக் கேட்டால், அவர்கள் வேறு பேச்சுக்கு மாறும்வரை கூட உட்காராதே என்று வருகிறது. வேறு பேச்சு வந்தால் போய் உட்காரலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. நம் ஆட்கள் பலருக்கு இந்தப் பின்பாதி ஞாபகத்தில் இருப்பதில்லை. (ஒரு கதைக்குத் தடை கேட்டு உறவினர் ஒருவர் கையெழுத்து வாங்க வந்தபோது, "படித்தீர்களா?" என்று கேட்டேன். ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.)

உங்கள் "கதைதானே"வுக்கு வருகிறேன். குர்ஆனைச் சந்தேகித்து ஒருவர் கட்டுரை எழுதினால் நான் பதில் எழுதலாம். பதில்கள் ஆயிரம் வருடமாக எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ருஷ்டி நாவலின் தலைப்புக்குக் காரணமான அந்தச் சம்பவத்தையே, ஷைத்தான் சில வரிகளை நபியின் நாவில் போட்டான் என்பதையே, பழைய முஸ்லிம் வரலாற்றாசிரியர் தபரீ தன் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார், அது நடக்கவே இல்லை என்று மறுத்த ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) உண்டு. மூடிவைத்த ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் கதைக்கு எப்படிப் பதில் சொல்வது? வாயைத் திறந்தால் "கதைதானே" என்பார்கள். அன்று கூட்டம் முடிந்ததும் அதே பத்துப் பேரில் ஒருவர் என்னைத் தனியாகப் பிடித்து, "அந்த எழுத்தர் நிஜமாகவே இருந்தாரா?" என்று கேட்டார். அதாவது, எனக்கு மட்டும்தான் அது கதை. அவருக்குத் தகவல்.

இடையில் இதையும் கொட்டிவிடுகிறேன். நானும் கதை எழுதுகிறேன். ஒரு பத்திரிகைக்கு ஐந்து கதை அனுப்பினேன், ஒன்றிலும் மதம் கிடையாது. ஐந்தும் திரும்பி வந்தன. நோன்பு மாதத்துக்கு முன்னால் மட்டும் அங்கிருந்து போன் வரும், "உங்க சமுதாயப் பின்னணியில் ஏதாவது இருக்கா சார்?" என்று. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அந்த எழுத்தர் விஷயத்துக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. அத்தாவிடம் கேட்கப் பயம். இரண்டு வாரம் கழித்து ஒருவழியாகக் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சாவகாசமாக, "அப்துல்லாஹ் இப்னு சஅதைச் சொல்கிறாயா?" என்றார். வஹீ எழுதியவர், மார்க்கத்தை விட்டு மக்காவுக்கு ஓடியவர், தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதியதாகச் சொல்லிக்கொண்டவர் என்று அறிவிப்புகள் உண்டு. நபி மக்காவை வென்றபோது நபித்தோழர் உஸ்மான் (ரலி) அவருக்காகப் பரிந்து பேசினார், அவர் மன்னிக்கப்பட்டார், மறுபடி இஸ்லாத்துக்கு வந்தார், பிற்பாடு எகிப்தின் ஆளுநராகவும் இருந்தார். "திரும்பி வந்தாரே, அது கதையில் இருந்ததா?" என்று கேட்டார் அத்தா.

இல்லை. எனக்கே அதுவரை தெரியாது.

அடுத்த மாதம் வட்டத்துக்குப் போனேன். கதையை எழுதியவரைப் பார்த்து இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார், நல்ல மனிதர். "அவர் திரும்பி வந்ததைச் சேர்த்தால் கதை கெட்டுவிடுமே" என்றார்.

கெட்டுத்தான் போகும். நானும் எழுதுகிறவன், அது எனக்குத் தெரிகிறது.